தூங்குமூஞ்சியை எழுப்பக் கூடாது

ஒரு மனிதன் டீயை ஊதி ஊதிக் குடிப்பதைச் சலிக்காமல் உட்கார்ந்து பார்க்க முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது.

நீங்கள் என் தங்கை புருஷன் செத்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள் ஐயா. அதற்குத்தான் வருகிறேன். டீயிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நடுவிலிருந்து தொடங்கினால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரிவேன்.

கல்குவாரியில் என் வேலை கொடி பிடிப்பது. பாறையில் துளை போட்டு, மருந்து இறக்கி, வயர் இழுத்துக்கொண்டு போய் வெடிக்காரர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் அவருக்குப் பள்ளம் தெரியாது. நான் விசில் ஊதிக்கொண்டே பள்ளத்தைச் சுற்றி வருவேன். ஆட்கள் வெளியேறுவார்கள். மூலை முடுக்கு, பாறை இடுக்கு, லாரிக்கு அடியில் என்று எல்லாம் பார்த்துவிட்டு மேட்டில் ஏறி நிற்பேன். என் கையில் சிவப்பு இருக்கும்வரை அவர் பொத்தானைத் தொடமாட்டார். பச்சையைத் தூக்கினால் அழுத்துவார். கீழே ஈ காக்காய் இல்லை என்று நான் சத்தியம் செய்வதற்குப் பெயர்தான் பச்சைக் கொடி.

என் அப்பா சம்மட்டி அடித்தார். அம்மா கல் சுமந்தாள். எனக்கு முதுகில் ஒரு கல் விழுந்த பிறகு சம்மட்டி தூக்க முடியாமல் போனதால் விசிலைக் கொடுத்தார்கள். பெயரும் அதுதான். "டேய் விசிலு" என்பார்கள். வெடிக்காரர் பெரிய மனுஷன், அதுகூடச் சொல்லமாட்டார். "முடிஞ்சுதா?" என்பார். "முடிஞ்சுதுங்க" என்பேன். எங்களுக்குள் வருடக்கணக்காக நடந்த பேச்சு வார்த்தை அவ்வளவுதான்.

மேனேஜர் ஒரு பழைய டிவியைக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கொட்டகையில் மாட்டினார். அதில் ஒரே ஒரு சேனல்தான் ஒழுங்காக வந்தது. அந்தச் சேனலில் வாரம் ஒருநாள் சாயங்காலம் அந்த உளவாளித் தொடர் வந்தது. வேறு ஏதோ பாஷையில் எடுத்து நம் பேச்சில் குரல் கொடுத்திருந்தார்கள். ஏதோ நீளமான பெயர். நாங்கள் 'கோட்டுக்காரன்' என்போம். ஏனென்றால் அதில் ஒருத்தர் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டைப் பார்ப்பார். மனைவி டீ கொண்டுவந்து வைப்பாள். ஊதிக் குடிப்பார். எதிர்வீட்டில் யாரோ திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். தொடரும் என்று போடுவார்கள்.

முதல் வாரம் எல்லோரும் திட்டினோம். டிப்பர் ஓட்டுகிறவன் ஒருத்தன், வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர், "டிவி நின்னுபோச்சுடா" என்று எழுந்து போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டினார். ரேடியோ பயந்து இரண்டடி பின்னால் வந்துவிட்டான். அடுத்த வாரம் திட்டுவதற்காகவே உட்கார்ந்தோம். அதற்கும் அடுத்த வாரம் திட்டினவனை வாயை மூடச் சொன்னோம்.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது ஏன் பிடித்தது என்று நீங்கள் கேட்டீர்கள். படித்தவர்கள் பார்க்க வேண்டியது என்கிற மாதிரி கேட்டீர்கள். பரவாயில்லை. ஐயா, குவாரியில் காலையிலிருந்து கிரஷர் அரைக்கும், கம்ப்ரசர் கத்தும், கல் விழும். சத்தம் வந்தால் ஓட வேண்டும். யோசித்தவன் செத்தான். கோட்டுக்காரர் உலகத்தில் யாருமே ஓடமாட்டார்கள். அங்கே சத்தம் இல்லாததுதான் ஆபத்து. ஒரு மனிதனுக்கு உட்கார்ந்து யோசிப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பதைப் பார்க்கவே எங்களுக்கு உடம்பு வலி குறைந்தது. கோப்பையை அவர் இடது கையால் எடுத்தால், ஏன் இடது கை என்று அடுத்த வாரம்வரை பேச எங்களிடம் ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முன் எங்களிடம் பேச என்ன இருந்தது? யாருக்குக் கால் போச்சு, யாருக்குக் கை போச்சு.

குவாரியே மாறிப்போனது. மேஸ்திரி வந்து, "எத்தன லோடுடா போச்சு?" என்று கேட்டால் ரேடியோ ஜன்னலை ஏற்றிக்கொண்டு, "யாரு கேக்குறது?" என்பான்.

"நான்தான்டா கேக்குறேன். மேஸ்திரி."

"நீங்கதான் மேஸ்திரிங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"செருப்பக் கழட்டுனா சாட்சி வரும். எறங்குடா கீழ."

சிரிப்பாகத்தான் இருந்தது. கல் அரைக்கிறவன் ஒவ்வொரு கல்லையும் ஒருமுறை முகம் பார்த்துவிட்டுப் போட்டான். சமையல்காரர் குழம்புக்கு உப்புப் போட்டாரா என்று கேட்டால் அதைப் பற்றி என்னால் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

இதில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. மூலையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகின கண் என்னுடையது. மற்றவர்கள் கோட்டுக்காரர் மூஞ்சியைப் பார்ப்பார்கள். நான் திரையின் ஓரத்தைப் பார்ப்பேன். பேப்பர் படிக்கிற மாதிரி நிற்பவன் பக்கத்தையே திருப்பவில்லை என்று முதலில் சொன்னது நான். போன வாரம் பூந்தொட்டி வலது பக்கம் இருந்தது, இப்போது இடது பக்கம் என்று சொன்னது நான். அது சமிக்ஞை என்று பின்னால் வந்தது. அதிலிருந்து தொடர் முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். "விசிலண்ணே, இப்ப என்ன நடந்துச்சு?" என்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால்கூட என்ன நடக்கவில்லை என்று நான் விளக்குவேன். ஒருநாள் வெடிக்காரரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏம்பா, அந்தக் கதவ ஏன் தொறந்து போட்டுட்டுப் போறான்?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனுஷன் என்னிடம் ஏன் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையைக் கட்டியவர். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் தங்கை புருஷன் என்பதால் மரியாதை குறைத்து நான் பேசினதில்லை. "வாங்க மாப்ள, போங்க மாப்ள" தான். குவாரியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு குறை, தூங்குவார். உட்கார்ந்தால் தூங்குவார், சாய்ந்தால் தூங்குவார். சம்மட்டியை ஊன்றி நின்றபடியே தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தொடர் ஓடும்போது கொட்டகையின் பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து முழுத் தொடரையும் தூங்கியே கழிப்பார். யாரும் கண்டுகொண்டதில்லை.

இனி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். கோட்டுக்காரரின் மேலதிகாரி ஒரு வாரம் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தத் தெருவில் எதிரிகள் ஒரு தூங்குமூஞ்சியை வைத்திருக்கிறார்கள். பல வருடமாக இருக்கிறான். வேலைக்குப் போவான், கல்யாணம் செய்வான், பிள்ளை பெறுவான். வேறு எதுவும் செய்யமாட்டான். ஒரு சாதாரண வார்த்தையைச் சொல்லி எழுப்புவார்கள். அவன் எழுந்துவிட்டால் இந்த ஊர் இருக்காது."

கொட்டகையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குறட்டை வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ தரையில் உருண்டு சிரித்தான். "விசிலண்ணே, கோட்டுக்காரன் இங்க வந்து தேடட்டும்ணே. தூங்குமூஞ்சி நம்மகிட்டதான் இருக்கு!" என்றான். நானும் சிரித்தேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அன்று நானும் சிரித்தேன்.

நேற்று நீங்கள் விளக்கினீர்கள். மூலத்தில் அந்த வார்த்தைக்கு உறங்குவதுபோல மறைந்து காத்திருப்பவன் என்று பொருள், குரல் கொடுத்தவர்கள் புரியாமல் தூங்குமூஞ்சி என்று போட்டுவிட்டார்கள் என்றீர்கள். இருக்கலாம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. கோட்டுக்காரர் என்னிடம் தமிழில்தான் சொன்னார்.

அப்புறம் பல வாரம் அந்தத் தூங்குமூஞ்சி யார் என்பதுதான் பேச்சு. எதிர்வீட்டுக் கிழவர் என்று நான் சொன்னேன். காரணத்தோடு சொன்னேன். அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போவார், நாய் ஒருநாளும் அவரைப் பார்த்து வால் ஆட்டினதில்லை. மொத்தக் கொட்டகையும் ஒத்துக்கொண்டது. வெடிக்காரர் என் தோளைத் தட்டி, "கரெக்டுப்பா, நாய்க்குத் தெரியும்" என்றார். அப்போது பின்னாலிருந்து மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தார்.

"கெழவன் இல்ல மச்சான். டீ போடுற அந்தம்மாதான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் மாப்ள அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். பதில் குறட்டைதான். எல்லோரும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்போது எனக்குத் தெளிவாகவில்லை.

அடுத்த வாரம் கிழவர் செத்துப்போனார். இயற்கையான சாவு. நாய் அழுதது. அதற்கு அடுத்த வாரம் கோட்டுக்காரரின் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று முதல்முறையாகச் சிரித்தாள். அவள்தான்.

கொட்டகை இரண்டாகப் பிளந்ததுபோல ஆர்ப்பாட்டம். ரேடியோ மாப்பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். அவர் தோளிலும் தூங்கினார். அன்றைக்குத் தொடர் முடிந்த பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பின்வரிசைக்குப் போய், "மாப்ளண்ணே, கொஞ்சம் எந்திரிங்க, அடுத்தது என்ன?" என்று உலுக்கினார்கள். வெடிக்காரரும் போனார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதனால் எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். இல்லை ஐயா. எனக்கு ஏன் கோபம்? நான் யோசித்தேன். அவ்வளவுதான். ஒரு மனிதன் தொடரையே பார்க்கவில்லை. முதல் காட்சியிலிருந்து தூங்கினான். பூந்தொட்டி தெரியாது, நாய் தெரியாது. பார்த்தவர்களுக்குத் தெரியாதது பார்க்காதவனுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் அவனுக்கு வேறு இடத்திலிருந்து தெரிகிறது. இதை யார் யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

தொடர் என்பது நடிகர்கள் நடிப்பது, அதுவும் எனக்குத் தெரியும். நான் பைத்தியம் இல்லை. நீங்கள் அனுப்பிய டாக்டரும் என்னைப் பார்த்துவிட்டுத் தெளிவான ஆள் என்றுதான் சொன்னார். குவாரியில் உளவு பார்க்க என்ன இருக்கிறது, ஜல்லியா என்று கேட்டீர்கள். கோட்டுக்காரரின் தெருவில் மட்டும் என்ன இருந்தது? நாலு வீடு, ஒரு நாய்.

நான் அவசரப்படவில்லை. தொடர் எனக்குக் கற்றுக் கொடுத்தது பொறுமையைத்தான். மாப்பிள்ளையைக் கவனித்தேன். அவர் எதற்கும் எழுந்திருக்கமாட்டார். கம்ப்ரசருக்கு எழுந்திருக்கமாட்டார், மேஸ்திரி திட்டுக்கு எழுந்திருக்கமாட்டார், என் விசிலுக்குக்கூட நான் போய்த் தோளைத் தொட்டால்தான் எழுந்திருப்பார். ஆனால் மதியம் சமையல்காரர் கொட்டகை வாசலில் நின்று, "சோறு ஆறுது!" என்று குரல் கொடுத்தால் மனிதர் விறைத்து எழுந்து உட்காருவார். கண்ணைத் திறக்கும் முன்பே கால் நடக்கத் தொடங்கிவிடும். ஒரு சாதாரண வார்த்தை என்று மேலதிகாரி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

சமையல்காரரிடம் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இனிமே சோறு ஆறுதுன்னு கூப்பிடாதீங்க."

"ஏம்ப்பா, ஆறாத சோறா போடுறேன் நான்?"

"வேற ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்க."

"வேற என்னத்தச் சொல்ல? சோத்த சோறுன்னுதான் சொல்ல முடியும். ஜல்லின்னா சொல்ல முடியும்? உன் மாப்ள தின்னா ஜல்லியும் செரிக்கும், அது வேற."

"தட்டத் தட்டுங்கண்ணே. தொண்டை மிச்சம்."

கடைசியில் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது. வயசான காலத்தில் எதற்குக் கத்த வேண்டும் என்று அடுத்த நாளிலிருந்து தட்டைக் கரண்டியால் தட்டினார். அதற்கு எல்லோரும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தார். நான் நினைத்தது சரி என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் இரண்டு மூன்று நாள் ரேடியோ போய் அவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். நான் அவனிடம், "பாவம்டா, களைச்சுப்போய்க் கெடக்கார். தூங்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றேன். தங்கை புருஷன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று ரேடியோ ஊரெல்லாம் சொன்னான்.

நடுவில் ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது பிறந்ததிலிருந்தே அழுகிற குழந்தை. வயிற்றில் ஏதோ கோளாறு, படுக்கப் போட்டால் அழும், தோளில் போட்டு நடந்தால்தான் அடங்கும்.

"மாப்ள ஏம்மா எப்பப் பாத்தாலும் தூங்குறார்?" என்று கேட்டேன்.

"பின்ன என்னண்ணே செய்வார்? ராத்திரி பூரா இதத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்குறது அவருதான். நான் எந்திரிச்சா, நீ படு, பகல் முழுக்க நீதான பாக்குறன்னு திட்டுவார். விடிஞ்சதும் அப்படியே முகத்தக் கழுவிக்கிட்டு வேலைக்கு வந்துர்றார்."

எந்த ஆம்பளை ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்? எங்கள் அப்பா நடந்ததில்லை. நான் நடந்ததில்லை. இவ்வளவு நல்லவனாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கோட்டுக்காரரின் மனைவியும் ஒருநாள்கூட டீ போட மறந்ததில்லை.

"அண்ணே, அவர் அங்க எங்கயாவது விழுந்து தூங்கிட்டார்னா கொஞ்சம் எழுப்பிவிடுங்க" என்றாள் தங்கை. "வேலைல தூங்குனா நிறுத்திருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாராம். எனக்கு நெனச்சாலே பக்குங்குது. நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற ஒண்ணுதான் தைரியம்."

"நான் இருக்கேன்ல, நீ எதுக்குக் கவலப்படுற?" என்றேன். குழந்தையை ஒருமுறை வாங்கித் தோளில் போட்டேன். அழுகையை நிறுத்தவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதையும் நான் மறைக்கவில்லை பாருங்கள். ஒருத்தி தன் புருஷனை எழுப்பச் சொல்கிறாள். தொடரில் எழுப்பினால் ஊரே இருக்காது என்கிறார்கள். இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்தால் எது கனம்? பொது நன்மை என்று ஒன்று இருக்கிறது ஐயா. தூங்குகிறவரை மாப்பிள்ளையால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால் எழுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். இதில் கொலை எங்கே இருக்கிறது? எழுப்பாமல் விடுவது குற்றம் என்றால் ஊரில் பாதிப்பேர் உள்ளே இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை செத்த அன்றைக்குத்தான் தொடரின் கடைசிப் பாகம். மேனேஜரிடம் கேட்டுச் சாயங்காலம் சீக்கிரம் வேலையை முடித்துக்கொள்ள ஏற்பாடு. அதனால் வெடியை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வைத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து எல்லோருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கோட்டுக்காரர் மனைவியைப் பிடிப்பாரா, இல்லை அவள் போட்ட டீயைக் குடிப்பாரா என்று இரண்டு கட்சி. ரேடியோ மாப்பிள்ளையிடம், "சொல்லுங்க மாப்ளண்ணே, குடிப்பாரா மாட்டாரா?" என்று துளை போடும் இடத்திலேயே வந்து நச்சரித்தான். மாப்பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே, "குடிப்பாருடா. இத்தன வருஷம் குடிச்ச கையி. தெரிஞ்சேதான் குடிப்பாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆ என்று வாயைப் பிளந்தார்கள். வெடிக்காரர் வயரைக் கீழே போட்டுவிட்டு, "ஆமால்ல!" என்றார்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அது. திரையை ஓரம் ஓரமாகப் பார்த்தவன் நான்.

மதியம் தட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். வெடிக்காரர் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் விசில் ஊதினேன். ஊதவில்லை என்று யாராவது சொன்னால் பொய். முறைப்படி ஊதினேன், கொட்டகைவரை கேட்டது. பள்ளத்தைச் சுற்றி வந்தேன். மேல்பக்கம் யாரும் இல்லை. லாரிக்கு அடியில் யாரும் இல்லை. பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், துளை போட்டிருந்த சுவருக்கு நேர் கீழே, நிழல் விழுகிற இடத்தில் மாப்பிள்ளை படுத்திருந்தார். சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டில் கல் தூசி.

மேட்டுக்கு வந்தேன். பச்சையைத் தூக்கினேன். வெடிக்காரர் வழக்கம்போலச் சுவருக்குப் பின்னாலிருந்து, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றேன்.

சாயங்காலம் யாரும் டிவி போடவில்லை. சமையல்காரர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "நான் தட்டத் தட்டாம வாயத் தொறந்து கூப்பிட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பானே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான்தான் போய் அவரைத் தேற்றினேன். தங்கை என் காலடியில் வந்து விழவில்லை, என்னைக் கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அது தன் அப்பாவின் நடையைத் தேடி அழுதது. அவளுக்கு அந்த நடை வரவில்லை.

கடைசிப் பாகத்தில் கோட்டுக்காரர் டீயைக் குடித்தாரா என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். தயவுசெய்து சொல்லாதீர்கள். வெளியே வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் நீங்கள் எழுதிவிட்டீர்கள். படித்துக் காட்டினீர்கள். சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் நான் சொல்வதில் கொஞ்சம் விட்டுப்போயிற்று. கதைக்கு அவசியமில்லை என்று விட்டேன். நீங்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை என் விசிலுக்கு எழுந்திருக்கமாட்டார் என்று சொன்னேன் இல்லையா. அன்றைக்கு எழுந்தார். நான் பாறைக்கு அடியில் போய் நின்றபோது கண்ணைத் திறந்துதான் இருந்தார். முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

"வெடியா மச்சான்?"

நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

"இல்ல மாப்ள. தண்ணி லாரிக்கு ஊதுனேன். வெடியச் சாயங்காலத்துக்கே மாத்திட்டாங்க. நீங்க படுங்க."

"தட்டு தட்டிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. தட்டுனா நான் வந்து எழுப்புறேன்."

"புள்ள ராத்திரி கண்ணே மூடல மச்சான்" என்றார். சிரித்தார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அங்கே நிற்கும்போதே குறட்டை வந்துவிட்டது.

அத்தனை வாரம் பார்த்தேன் ஐயா, அந்தத் தொடரில் ஒரு உளவாளிகூட இன்னொருத்தன் சொன்னதை அப்படியே நம்பி முதுகைக் காட்டிப் படுத்ததில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இது எனக்குத் தோன்றிவிட்டது. நன்றாகத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் பச்சையைத் தூக்கினேன்.